ஒண்ணும் வேண்டாம், ஒனக்குத் தோணினதக் கொண்டா!

அம்பாசமுத்திரத்தில் என் மாமியார் வீட்டு வாசலில், பங்குனி உத்திரத்தன்று விடியற்காலை 5 மணிக்கு ஒரு வேன் வந்து நிற்கும். அதில் எத்தனை பேர் ஏறுகிறோம் என்று இங்கே எழுதினால் ஆர்.டி.ஓ. ஆபீஸிலிருந்து நோட்டீஸ் வந்துவிடும். ஆகவே பாத்திரங்களை மட்டும் எண்ணிச் சொல்கிறேன். தூக்குச்சட்டி 18, எவர்சில்வர் சம்படம் 11, பித்தளைப் போணி 2, ஒரு வெண்கலப் பானை, ஒரு பெரிய கட்டு வாழை இலை. மனிதர்கள் பாத்திரங்களுக்கு நடுவே கிடைத்த இடத்தில் உட்கார்ந்துகொள்ள வேண்டியது. இடம் போதவில்லை என்றால் ஒரு மனிதரை இறக்கிவிட்டாலும் விடுவார்களே தவிர, ஒரு தூக்குச்சட்டியை இறக்க மாட்டார்கள்.

எல்லோரும் போவது சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு.

திருநெல்வேலிச் சீமைக்குப் பெண் கொடுக்கப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அந்தப் பக்கம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சாஸ்தா உண்டு. சிலருக்குக் குளத்தங்கரையில், சிலருக்குப் பனங்காட்டுக்குள், எங்கள் வீட்டார் போலச் சிலருக்கு மலை மேல். பம்பாயில் இருந்தாலும் சரி, துபாயில் இருந்தாலும் சரி, பங்குனி உத்திரத்தன்று அவரவர் சாஸ்தா முன்னால் ஆஜர் கொடுத்தாக வேண்டும். தீபாவளிக்கு வராவிட்டால் "லீவு கிடைக்கல போல" என்று விட்டுவிடுவார்கள். உத்திரத்துக்கு வராவிட்டால் போச்சு. வீட்டில் ஏதோ சரியில்லை என்று ஊரே முடிவு கட்டிவிடும்.

நான் ஆற்காட்டுப் பக்கத்துக்காரி. 1994-ல் கல்யாணம். மாப்பிள்ளைக்கு மெட்ராஸில் வேலை, நல்ல குடும்பம், சைவச் சாப்பாடு என்றெல்லாம் விசாரித்த என் அப்பா, இந்த சாஸ்தா விஷயத்தை மட்டும் விசாரிக்க விட்டுவிட்டார்.

மறு வருஷம் மாசி மாதத்தில் மாமியாரிடமிருந்து ஓர் இன்லண்டு லெட்டர் வந்தது. நலம், நலமறிய ஆவல் எல்லாம் மூன்று வரி. பிறகு பட்டியல். கோயிலுக்கு யார் யார் என்னென்ன கொண்டு வர வேண்டும் என்று எல்லோருக்கும் பங்கு பிரித்திருந்தார்கள். புளியோதரை அத்தையுடையது, அதில் வேறு யாரும் கை வைக்க முடியாது. பெரிய அக்காவுக்கு - அதாவது மூத்த ஓரகத்திக்கு - மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் வடையும். தென்காசி அக்காவுக்கு, அதாவது இரண்டாமவளுக்கு, முந்திரிக்கொத்து. நாத்தனாருக்குத் தயிர்ச்சோறு, ஊறுகாய். கடைசி மருமகளான எனக்குக் கடைசி வரி:

"நீ தூரா தொலையிலிருந்து வாற. நீ ஒண்ணும் கொண்டாற வேண்டாம். ஒனக்குத் தோணினதக் கொண்டா."

திரும்பத் திரும்பப் படித்தேன். ஒண்ணும் வேண்டாமா, தோணினதைக் கொண்டு போகணுமா? இவரிடம் கேட்டேன். இவர் லெட்டரை வாங்கி, பேப்பரில் கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டு, "எங்கம்மா ஒண்ணும் வேண்டாம்னு சொன்னா, ஒண்ணும் வேண்டாம்னுதான் அர்த்தம். ரொம்ப வெள்ளை மனசு" என்றார். ஒரு விஷயம் அன்றைக்கு எனக்குத் தெரியாது. மாமியார் பேசுகிற பாஷை பெற்ற பிள்ளைகளுக்கு விளங்கவே விளங்காது. அது மருமகள்களுக்காகவே உண்டான பாஷை.

எனக்குத் தோன்றியது மக்கன் பேடா. எங்கள் ஆற்காட்டுக்குப் பெருமை சேர்க்கிற பலகாரம். அம்மாவிடம் சொல்லி 100 பேடா வரவழைத்து, பெரிய தகர டப்பாவில் அடுக்கிக்கொண்டு ராத்திரி ரயில் ஏறினேன். சுமார் 650 கிலோமீட்டர். காலையில் திருநெல்வேலி. அங்கிருந்து தென்காசி போகிற பாசஞ்சர் அப்போது மீட்டர் கேஜ். (அகலப் பாதையானது 2012-ல்.) சேரன்மகாதேவி, காருகுறிச்சி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நின்று, ஊர் வம்பெல்லாம் பேசிவிட்டுத்தான் புறப்படும். ஜன்னலுக்கு வெளியே வயலும் வாழையும். தூரத்தில் மலை கூடவே வந்துகொண்டிருக்கும். அந்த அழகை நான் பார்க்கவில்லை. டப்பாவின் அடியிலிருந்து ஒழுகிய ஜீராவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அம்பாசமுத்திரத்தில் இறங்கும்போது எங்களோடு கொஞ்சம் எறும்புகளும் இறங்கின.

அத்தை டப்பாவைத் திறந்து பார்த்தார்கள். "எதுக்குளா இம்புட்டு?" என்றார்கள். மூடி, பரண் மேல் ஏற்றிவிட்டார்கள். மறுநாள் வேனில் எல்லாச் சட்டியும் ஏறின. என் டப்பா ஏறவில்லை. மெதுவாக நாத்தனாரிடம் கேட்டேன். "கடையில வாங்கினத சாமிக்குக் கொண்டு போகமாட்டாக மைனி. தெரியாதா?" என்றாள். எனக்கு எப்படித் தெரியும்? பட்டியலில் எழுதவில்லையே!

அன்றைக்கு முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்ததால், முதல் தடவை நான் அந்தக் கோயிலைச் சரியாகப் பார்க்கவே இல்லை. அப்புறம் எத்தனையோ முறை பார்த்தாயிற்று. நீங்களும் ஒரு முறை போக வேண்டும். அம்பாசமுத்திரத்தை விட்டுக் கிளம்பினால் விக்கிரமசிங்கபுரம். ஹார்வி துரைமார்கள் 1880-களில் பஞ்சாலை வைத்த ஊர். அதைத் தாண்டினால் பாபநாசம். நவ கைலாயங்களில் முதலாவதான பாபநாசநாதர் கோயிலுக்கு முன்னால் தாமிரபரணி ஓடுகிறது. அதன் பிறகு வனத்துறை சோதனைச் சாவடி. களக்காடு, முண்டந்துறை இரண்டு சரணாலயங்களையும் சேர்த்து 1988-ல் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். தமிழ்நாட்டிலேயே முதல் புலிகள் காப்பகம். அதற்குள்தான் நம் அய்யனார் உட்கார்ந்திருக்கிறார். பிளாஸ்டிக், பாட்டில் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். சாயங்காலம் ஆனால் இறங்கிவிட வேண்டும். ஒவ்வொரு தூக்குச்சட்டியாகத் திறந்து காட்டி, கடைசியில் சோதனை போட்டவர் கையில் ஒரு வடையையும் கொடுத்துவிட்டு வருவது பெரிய அக்காவின் வழக்கம். லஞ்சம் அல்ல, பிரசாதம் என்பாள். சாமிக்கே இன்னும் படைக்காத வடை எப்படிப் பிரசாதம் ஆகும் என்று யாரும் கேட்டதில்லை.

மலைச்சாலையில் ஏறிப் போனால், காரையாறு அணைக்குக் கொஞ்சம் முன்னால் கோயில். 143 அடி அணை. காட்டுக்குள் ஆற்றங்கரையில் பாறைகளும் மரங்களுமாக இருக்கும். பட்டவராயன் சந்நிதியில் பக்தர்கள் செருப்பைக் காணிக்கையாகக் கட்டுகிறார்கள். கோயிலுக்கு வெளியே செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு வந்து, உள்ளே சாமிக்குச் செருப்பு கட்டுவதை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. சாமி ராத்திரி அதைப் போட்டுக்கொண்டு காட்டில் நடக்கிறார், கட்டிய புதுச் செருப்பு தேய்ந்திருக்கும் என்பது நம்பிக்கை. அங்கே ஒரு மரத்தில் நேர்ந்துகொண்டு மணி கட்டுவார்கள். மரம் வளர வளர மணியை உள்ளே இழுத்துக்கொள்ளுமாம். மணி விழுங்கி மரம் என்று பெயர். "மருமகக்காரி மாதிரி. எதைச் சொன்னாலும் உள்ள வாங்கி வச்சுக்கிடும்" என்று அத்தை ஒருமுறை சொன்னார்கள். யாரைச் சொன்னார்கள் என்று எங்கள் மூன்று பேருக்குள்ளும் இன்றுவரை வழக்கு நடக்கிறது.

ஆடி அமாவாசைக்கு வந்தால் கூட்டத்தைச் சமாளிக்க முடியாது. சிங்கம்பட்டி ஜமீன்தார் முருகதாஸ் தீர்த்தபதி, ராஜ உடையில் அந்த விழாவில் வந்து அமர்வார். 2020-ல் அவர் காலமாகும் வரை அந்தக் காட்சியைப் பார்க்கவே ஜனங்கள் திரண்டார்கள். உத்திரம் அவ்வளவு ஆர்ப்பாட்டம் இல்லாதது. குடும்பம் குடும்பமாக மரத்தடியில் ஜமுக்காளத்தை விரித்துச் சாப்பிடுகிற நாள் அது. அந்தச் சாப்பாட்டில்தான் என் கதை.

முதல் வருஷம் பேடா பரண் ஏறிற்றா? மெட்ராஸ் திரும்பும்போது அந்த டப்பாவை அத்தை என் கையில் கொடுத்தார்கள். கனமாக இருந்தது. அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள் என்று எனக்கு ஆத்திரம். வீட்டுக்கு வந்து ஒரு வாரம் அதைத் திறக்கவே இல்லை. திறந்தால் கல்லிடைக்குறிச்சி அப்பளம் நாலு கட்டு, மோர் மிளகாய், கூழ் வற்றல். பேடா எங்கே போயிற்று என்று இவரைக் கேட்டால், "தெருவுல எல்லாருக்கும் கொடுத்தாச்சாம். 'என் சின்ன மருமக ஊர்ப் பலகாரம்'னு வீடு வீடா அம்மாவே போய்க் கொடுத்துட்டு வந்தாங்க" என்றார். இதை ஒரு வாரம் கழித்துச் சொல்கிறார், பாருங்கள்.

சரி, வீட்டில் செய்தால்தானே சாமிக்கு ஆகும்? 1996-ல் சொதி செய்வது என்று முடிவு பண்ணினேன். நெல்லைப் பக்கத்துக் கல்யாண வீடுகளில் மறுவீட்டு விருந்துக்குச் செய்கிற ராஜ பதார்த்தம். தேங்காயை அரைத்து முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று தனித்தனியாக எடுத்துக்கொள்ள வேண்டும். பாசிப்பருப்பு, முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ் எல்லாம் பின்பாலில் வெந்து, முதல் பாலைக் கடைசியில்தான் சேர்க்க வேண்டும். கொதிக்கவிட்டால் திரிந்துவிடும். இறக்கிவைத்து எலுமிச்சம்பழம் பிழிய வேண்டும். தேங்காய்ப் பால் மந்தம் என்பதால் கூட இஞ்சிப் பச்சடி இருந்தே ஆக வேண்டும். எல்லாம் கேட்டு எழுதி வைத்துக்கொண்டு, மாமியார் வீட்டு அடுப்பில் ராத்திரி 2 மணிக்கு எழுந்து செய்தேன். 12 தேங்காய். கை வீங்கிப் போயிற்று. சத்தியமாகச் சொல்கிறேன், அற்புதமாக வந்தது.

மத்தியானம் 1 மணிக்குக் கோயிலில் போணியைத் திறந்தேன். நுரை!

பங்குனி வெயிலில், மூடிய பாத்திரத்தில், மூடிய வேனில் தேங்காய்ப் பால் எத்தனை மணி நேரம் தாங்கும்? பட்டியலை எடுத்துப் பாருங்கள். புளியோதரை, மிளகாய்ப்பொடி இட்லி, தயிர்ச்சோறு, முந்திரிக்கொத்து. எதிலாவது தேங்காய்ச் சாறு உண்டா? ராத்திரி 2 மணிக்கு நான் தேங்காய் துருவும்போது அத்தை வந்து எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிற்பாடு கேட்டேன். "ஆசையா செஞ்சுக்கிட்டிருந்த. வேண்டாம்னா மாமியா தடுத்துட்டான்னு இருக்கும்லா?" என்றார்கள். சொன்னாலும் கஷ்டம், சொல்லாவிட்டாலும் கஷ்டம். மாமியார் உத்தியோகமும் லேசுப்பட்டதில்லை போல.

1997-ல் உஷாராகி, திருநெல்வேலியில் இறங்கி இரண்டு கிலோ அல்வா வாங்கிக்கொண்டு போனேன். "கொல்லத் தெருவுலயே ஊசி விக்க வந்துட்டியே!" என்று பெரிய அத்தான் சொல்ல, கூடமே சிரித்தது. எப்படியோ வற்புறுத்தி வேனில் ஏற்றினேன். கோயிலில் ஒரு குரங்கு வந்து பொட்டலத்தோடு தூக்கிக்கொண்டு போய்விட்டது. அது மட்டும்தான் அந்த வருஷம் என் பங்கை மதித்த ஜீவன்.

1998-ல் ஒரு வைராக்கியம். "ஒண்ணும் வேண்டாம்" என்றுதானே எழுதுகிறார்கள்? நிஜமாகவே ஒன்றும் கொண்டு போகாமல் கை வீசிக்கொண்டு போனேன். அதைப்போல ஒரு தப்பை நீங்கள் யாரும் செய்துவிடாதீர்கள். இலை போட்டு எல்லாரும் அவரவர் சட்டியைத் திறந்து பரிமாறுகிறார்கள். "பெரியம்மா வடை", "தென்காசிச் சித்தி முந்திரிக்கொத்து" என்று பிள்ளைகள் கத்துகிறார்கள். நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நடக்கிறேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலாவது பதில் சொல்லி மனசு ஆறியிருக்கும். என் பையன், மூன்று வயசு, "அம்மா, நம்ம சட்டி எது?" என்றான். சட்டி இல்லை என்று அவனிடம் சொன்னபோது, எனக்கு அங்கே இடமே இல்லை என்று சொல்கிற மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு சில வருஷம் ஒரு தார் வாழைப்பழத்தோடு ஒப்பேற்றினேன். பாதுகாப்பானது. பழத்தைக் குறை சொல்ல முடியாது. பாராட்டவும் முடியாது.

இனி தென்காசி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுடைய முந்திரிக்கொத்துக்கு எங்கள் வீட்டில் தனி மரியாதை. சாப்பிடாதவர்களுக்காகச் சொல்கிறேன், முந்திரிக்கொத்தில் முந்திரிப் பருப்பு கிடையாது. பாசிப்பயறை வறுத்துத் திரித்து, தேங்காய், எள், ஏலக்காய் சேர்த்து, வெல்லப்பாகில் உருண்டை பிடித்து, மாவில் தோய்த்து மூன்று மூன்றாகச் சேர்த்து எண்ணெயில் போட்டு எடுப்பார்கள். கொத்தாக ஒட்டிக்கொண்டு வருவதால் அந்தப் பெயர். எங்கள் கும்பலுக்கு ஆளுக்கு மூன்று கொத்தாவது வேண்டும். மூன்று கிலோ பயறு, அதற்கேற்ற வெல்லம், எண்ணெய். தனி ஆளாக இரண்டு நாள் வேலை. அவள் வீட்டுக்காரருக்குத் தென்காசியில் பாத்திரக் கடை. கடை நன்றாக நடந்த காலத்தில் இதெல்லாம் ஒரு செலவே இல்லை.

2003-ல் கடையை மூடிவிட்டார்கள். "கொஞ்ச நாளைக்கு மூடியிருக்கு" என்று சொன்னார்கள். குடும்பத்தில் எல்லோரும் அதை அப்படியே திருப்பிச் சொன்னார்கள். யாரும் அதற்கு மேல் பேசவில்லை. எங்கள் வீட்டில் சாம்பாரில் உப்பு குறைந்தால் ஒரு மணி நேரம் பேசுவோம். காசு குறைந்தால் வாய் திறக்க மாட்டோம்.

2004 உத்திரத்துக்கு வேனில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மடியில் முந்திரிக்கொத்துச் சம்படம். பாபநாசம் ஏற்றத்தில் வேன் ஆடியபோது, சம்படத்துக்குள் கொத்துகள் உருண்டு சத்தம் கேட்டது. நிறைந்த சம்படத்தில் சத்தம் வராது. முந்தானை விலகியபோது கழுத்தைப் பார்த்தேன். தாலிச் சங்கிலி இல்லை, மஞ்சள் கயிறு. நான் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள்.

"கொக்கி விட்டுப் போச்சு. ஆசாரிட்ட கொடுத்திருக்கேன்" என்றாள்.

"அப்படியாக்கா" என்றேன்.

பந்தியில் அவள் கொத்து பரிமாறும்போது ஆளுக்கு ஒன்று வைத்தாள். "என்ன சித்தி, ஒண்ணுதானா?" என்று ஒரு வாண்டு கேட்டுவிட்டது. "இந்தத் தடவ பாகு சரியா வரலடா, நெறைய உதுந்து போச்சு" என்றாள். தன் இலையில் வைத்துக்கொள்ளவே இல்லை. கிளம்பும்போது பொதுவாகச் சொன்னாள்: "அடுத்த வருஷம் நாங்க வர முடியுமோ என்னமோ. பயலுக்குப் பரீட்சை." பங்குனியில் எந்த வருஷம்தான் பரீட்சை இல்லை?

சங்கிலியை வைத்துத்தான் இந்த வருஷம் பயறும் எண்ணெயும் வந்திருக்கின்றன என்பது எனக்கு விளங்கிவிட்டது. இவரிடம் சொன்னேன். "நீ ஏன் இதுல தலையிடறே? அண்ணன் தப்பா நினைச்சுப்பான்" என்றார். பணம் கொடுக்கலாம் என்றால் வாங்க மாட்டார்கள். வாங்கினாலும் அதோடு அந்த உறவு போயிற்று.

ஆற்றங்கரையில் அத்தை புளியங்கோது போட்டுப் பித்தளைப் போணி தேய்த்துக்கொண்டிருந்தார்கள். (அப்போதெல்லாம் ஆற்றிலேயே பாத்திரம் கழுவினோம். எண்ணெய்ப் பிசுக்கை அந்தத் தண்ணீரில் விட்டோமே என்று இப்போது வெட்கமாக இருக்கிறது. இப்போது வீட்டுக்குக் கொண்டு வந்துதான் கழுவுகிறோம்.) கூட உட்கார்ந்து தேய்த்துக்கொண்டே சொன்னேன். சங்கிலி, சம்படம், பரீட்சை எல்லாம். பத்து வருஷத்தில் அத்தையிடம் நான் அத்தனை வார்த்தை தொடர்ந்து பேசியது அன்றைக்குத்தான். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. போணியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்கள். ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது.

மறு வருஷம் மாசியில் இன்லண்டு லெட்டர் வந்தது. வீட்டில் ஃபோன் இருந்தும் பட்டியல் மட்டும் லெட்டரில்தான் வரும்.

"கனவில் சாஸ்தா வந்தார். கொஞ்ச காலத்துக்கு எண்ணெயில் பொரித்த இனிப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆகையால் முந்திரிக்கொத்து கிடையாது. தென்காசிக்காரி இலை கொண்டு வரட்டும். புறவாசல் வாழையில் அறுத்துக்கொள்ளலாம். முதல் நாளே வந்து அறுக்க வேண்டும். எனக்கு முட்டு வலி. சின்னவள் புளிக்காய்ச்சல் கிண்டிக் கொண்டு வரவும். சோறு இங்கே வடித்துக்கொள்ளலாம்."

கடைசி வரியை நான் பார்த்ததே இரண்டாவது தடவை படிக்கும்போதுதான். புளிக்காய்ச்சல்! அத்தையின் புளியோதரை!

650 கிலோமீட்டர் தாண்டிக் கெடாமல் போகக்கூடியது உலகத்தில் அது ஒன்றுதான் என்று பத்து வருஷமாக எனக்கு ஏன் தோன்றவில்லை? அரைக் கிலோ புளி, முக்கால் லிட்டர் நல்லெண்ணெய், வறுத்துப் பொடித்த மல்லி, வெந்தயம், எள். எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்வரை கிண்டி, கடைசியில் சின்னக் கருப்பட்டித் துண்டு. மாம்பலம் ஃப்ளாட்டில் கீழ் வீட்டுக்காரர்கள் மூன்று நாள் தும்மினார்கள்.

அந்த வருஷம் தென்காசி அக்கா இரண்டு நாள் முன்னாலேயே வந்து விட்டாள். "எலை ஒரு பங்கா? நமக்கு மட்டும் வடை சுட்டுக் கை வேகணும்" என்று பெரிய அக்கா முணுமுணுத்தது அத்தை காதில் விழுந்துவிட்டது.

"எலை இல்லாம உன் வடையக் கையிலயா வாங்கித் திம்பாக?" என்றார்கள் அத்தை. அம்புட்டுதான். அதற்குப் பிறகு இலையைப் பற்றி யாரும் பேசவில்லை.

பந்தியில் புளியோதரையை அத்தை ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். எனக்கு எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட் பார்க்கிற மாதிரி இருந்தது. "உப்பு ஒரு கல்லு கூட" என்றார்கள். இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

சாஸ்தாவின் தடை உத்தரவு ஆறு வருஷம் அமலில் இருந்தது. 2011-ல், தென்காசி அக்காவின் மூத்த பையன் கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்த வருஷம், அத்தைக்கு மறுபடி கனவு வந்தது. முந்திரிக்கொத்து திரும்ப வந்தது, ஆளுக்கு நாலு. வேனில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், வெளியே பார்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்டாள்:

"ஏளா, அன்னைக்கு அத்தை கனவுல வந்த சாஸ்தா, மெட்ராஸ் பாஷையா பேசினாரு?"

நான் இலைக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். அவள் சம்படத்தைத் திறந்து ஒரு கொத்தை எடுத்து என் கையில் வைத்தாள். சாமிக்குப் படைக்கிறதுக்கு முன்னாலே!

இப்போது அத்தைக்கு 86. மலைக்கு வருவதில்லை. 2023 செப்டம்பரில் வந்தே பாரத் விட்ட பிறகு சென்னையிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் நெல்லை வந்துவிடுகிறோம். பட்டியலும் வாட்ஸ்அப்பில் வருகிறது. கட்டிலில் உட்கார்ந்து அத்தை சொல்லச் சொல்லப் பேத்தி தட்டச்சு செய்கிறாள். 2024 பட்டியலில், பெரிய அக்கா வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகளுக்கு - ஹைதராபாத்தில் வேலை, பாதித் தெலுங்கு - கடைசி வரி இப்படி இருந்தது: "நீ ஒண்ணும் கொண்டாற வேண்டாம். ஒனக்குத் தோணினதக் கொண்டா."

அன்று ராத்திரியே அந்தப் பெண் எனக்கு ஃபோன் பண்ணினாள். "சித்தி, ஆச்சி நிஜமாவே ஒண்ணும் வேண்டாங்கறாங்களா?"

மொழிபெயர்ப்பு செய்ய உட்கார்ந்தேன். கடையில் வாங்கினது மலைக்கு ஏறாது, தேங்காய் சேர்க்காதே, நாத்தனாருக்கு மூட்டுவலி அதனால் தயிர்ச்சோறை நீ கேட்டு வாங்கிக்கொள் என்று சொல்லிக்கொண்டே போனேன். எல்லாவற்றுக்கும் "சரி சித்தி" என்றாள். வந்து இறங்கும்போது கையில் பெரிய பிஸ்கட் டப்பா. "வரவழியில ஸ்டேஷன்ல பார்த்தேன். வாங்கணும்னு தோணிச்சு" என்றாள்.

அத்தை டப்பாவைத் தடவிப் பார்த்தார்கள். "எதுக்குளா இம்புட்டு?" என்றார்கள். பிறகு பரணைப் பார்த்தார்கள். பேரன் ஒருவன் ஸ்டூலை எடுத்துப் போட்டான்.

நான் ஸ்டூலின் மேல் உட்கார்ந்துவிட்டேன். "காலு வலிக்குது அத்தை" என்றேன்.

டப்பா வேனில் ஏறிற்று. மலையில் பிள்ளைகள் பத்து நிமிஷத்தில் காலி பண்ணிவிட்டார்கள். தயிர்ச்சோறையும் அந்தப் பெண்தான் பரிமாறினாள், கொஞ்சம் புளிப்பு. ஊர் திரும்புகிற அன்றைக்குக் காலையில் அந்தப் பிஸ்கட் டப்பாவைத் தேடினாள். அத்தை கட்டிலடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். கனத்தைப் பார்த்து அவள் முகம் மாறிப்போயிற்று.

"பிஸ்கட்டை வச்சுக்கவே இல்லையா சித்தி?" என்று என் காதில் கேட்டாள்.

"ஒரு வாரம் காத்திருக்காதே. இப்பவே திற" என்றேன்.